பதினைந்து வாட்டும் ஒரு ரத்து உத்தரவும்

ஒரு மனிதனுக்கு ஒரு தடவைதான் ஓய்வு கொடுக்க முடியும். விதிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு இரண்டு தடவை கொடுத்தார்கள். முதல் தடவை அரசாங்கம் கொடுத்தது. மாலை போட்டு, கைக்கடிகாரம் ஒன்றைக் கையில் திணித்து, ஜீப்பில் கொண்டுவந்து கோவில்பட்டியில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேதி முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்பே தெரிந்ததுதான். இரண்டாம் தடவை எங்கள் சபையின் பாடகர் குழு கொடுத்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குழுவின் செயலாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, புதுசா கீபோர்டு வாங்கியிருக்கோம்லா. அதுலயே கிட்டார் சத்தமும் இருக்கு. நீங்க இனி முன் வரிசையில நிம்மதியா உக்காந்து கேளுங்க."

இந்தத் தீர்மானம் எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது, நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று கேட்டேன். அப்படி எதுவும் எழுதவில்லை என்றார். எழுதாத தீர்மானம் செல்லாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். தோளைத் தட்டுவதற்கு எதிராக மேல்முறையீடு கிடையாது.

கிட்டார் என்னுடையது. ஊதிய நிலுவை மொத்தமாக வந்த வருஷம் அலுவல் வேலையாகச் சென்னைக்குப் போனபோது வாங்கியது. அதன் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர், வாசிப்பவர்கள் ஆம்ப் என்று சொல்லும் பெட்டி, சபையின் சொத்து. இருப்புப் பதிவேட்டில் அதற்கு எண் போட்டவனே நான்தான். ஆகவே கிட்டாரை மட்டும் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். ஆம்ப் இல்லாத மின்சாரக் கிட்டார் எப்படிச் சத்தம் போடும் என்று தெரியாதவர்கள் தகர டப்பாவில் ரப்பர் வளையத்தை மாட்டி இழுத்துப் பார்க்கலாம்.

என்னிடம் பதினோரு மெட்டுகள் இருந்தன. ஆய்வுக்கு ஊர் ஊராகப் போய் லாட்ஜுகளில் தங்கிய காலத்தில் கட்டியவை. வார்த்தை கிடையாது. கிட்டாருக்கென்றே கட்டியவை என்பதால் சபையில் வாசிக்க வாய்ப்பும் இல்லை. அங்கே பாட்டுப் புத்தகத்தில் இருப்பது மட்டும்தான். எங்கும் எழுதியும் வைக்கவில்லை. ஆயிரக்கணக்கான குறிப்புகள் எழுதிய எனக்கு இதை எழுதத் தோன்றவில்லை. அந்தப் பதினொன்றும் இருந்த இடம் என் இடது கை.

அந்தக் கையின் மோதிர விரல்தான் கெட்டுப்போனது. மடக்கினால் நிமிராது. வலது கையால் பிடித்து இழுத்தால் சுவிட்ச் போட்டது போல டக்கென்று நிமிரும். எலும்பு டாக்டர் உள்ளங்கையில் ஓர் ஊசி போட்டார்.

"இது கொஞ்ச மாசம் தாங்கும் சார். திரும்ப வந்தா இன்னொரு ஊசி. அது இந்த அளவுக்குக் கேக்காது. அப்புறம் ஆபரேஷன்தான். உங்களுக்குச் சுகர் வேற இருக்கு."

"கொஞ்ச மாசம்னா எத்தனை?"

"அத விரல்தான் சொல்லணும்."

விரல் வாயைத் திறப்பதற்குள் பதினோரு மெட்டையும் வீட்டிலேயே பதிவு செய்துவிடுவது என்று அன்று சாயங்காலமே தீர்மானித்தேன். இந்தத் தீர்மானத்தை எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். என் மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க வேண்டாம். இருந்தாப் போதும்."

"இருந்து?"

"ஆபீசுல எத்தன பைலு இருக்கு. எவனும் பாக்கல. இருக்குல்லா?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். குறிப்பிட்ட காலத்துக்குள் ஆட்சேபணை வராவிட்டால் ஒப்புதல் என்றே பொருள்.

பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு மைக்கும், அதை லேப்டாப்போடு இணைக்கும் சிறிய பெட்டியும் அனுப்பினாள். போனில் ஓர் அறிவுரையும் வந்தது. "அப்பா, ஆம்பே வேண்டாம். கிட்டார நேரா கம்ப்யூட்டர்ல சொருகுங்க. எந்த ஆம்ப் சத்தம் வேணுமோ ஆப்லயே வரும்." இரண்டு நாள் முயன்று பார்த்தேன். வரத்தான் செய்தது. ஓட்டல் வாசலில் மாட்டியிருக்கும் பரோட்டா படம் போல, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, பசிதான் ஆறவில்லை. போதாததற்குக் கம்பியைத் தட்டிய பிறகு ஒரு கண் சிமிட்டும் நேரம் கழித்துச் சத்தம் வந்தது. நான் கையெழுத்துப் போட்ட பிறகு குமாஸ்தா முத்திரை குத்துகிற மாதிரி. அந்த வேலையைத்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எனக்குக் காற்றை அசைக்கிற ஒரு பெட்டி வேண்டும். அதன் முன்னால் மைக்கை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஓய்வூதியத்திலிருந்து எட்டாயிரம் ஒதுக்கினேன். அந்தத் தொகைக்குப் புதிதாக வாங்கினால் கிட்டத்தட்ட விளையாட்டுச் சாமான்தான் கிடைக்கும். ஆகவே பழையது. பழையது வாங்குவதற்கும் முறை இருக்கிறது. நான் கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டியவன். மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும், ஒப்பீட்டுப் பட்டியல் போட வேண்டும், மதிப்பெண் கொடுக்க வேண்டும், அதிக மதிப்பெண் வாங்கியதை எடுக்க வேண்டும். ஒரு தாளில் கட்டம் போட்டேன். எத்தனை வாட், ஸ்பீக்கர் எவ்வளவு பெரியது, என்ன வயது, வெளித்தோற்றம், விலை. வாட்டுக்கு மட்டும் முப்பது மதிப்பெண். கொடுத்த பணத்துக்கு அதிகத் திறன் எது என்று பார்ப்பதுதான் பொதுப்பணம் செலவழிக்கும் முறை. அது என் சொந்தப் பணம் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

முதல் ஆள் இணையத்தில் விளம்பரம் போட்டிருந்த தூத்துக்குடிக்காரர். அவருக்கு எண் போட்டு ஒன்பது கேள்விகள் அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. எந்தக் கேள்விக்கு என்று கேட்டேன். இன்னொரு கட்டைவிரல் வந்தது. 'உரிய பதில் பெறப்படவில்லை' என்று எழுதிக் கட்டத்தை மூடினேன்.

இரண்டாவது எங்கள் ஊரிலேயே, விழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் சவுண்ட் சர்வீஸ்காரர். அவர் ஷெட்டில் குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவே, சக்கரம் வைத்து, இடுப்பு உயரத்துக்கு நின்றது அந்த ஆம்ப்.

"நூறு வாட்டு அண்ணாச்சி. கோயில் கொடையில வச்சோம்னா மூணு தெருவுக்குக் கேக்கும்."

"எனக்கு ஒரு ரூமுக்குக் கேட்டாப் போதும்."

"கொறச்சு வச்சுக்கிடுங்க. இல்லாததக் கூட்டத்தான் முடியாது. இருக்கறதக் கொறைக்க முடியாதா?"

மறுக்க முடியாத வாதம். வாசித்துப் பார்த்தேன். சத்தம் கூட்டும் குமிழை ஒன்றில் வைத்தால், பெரிய அதிகாரி தூங்கி எழுந்து போனில் பேசுவது போல உயிரில்லாத முனகல். மூன்றுக்குக் கொண்டுபோனேன். ஷெட்டின் தகரம் அதிர்ந்தது, டீ கிளாஸ் மேஜையில் நகர்ந்தது, எதிர்க் கடைக்காரர் எந்த ஊரில் கொடை என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். விலை ஏழாயிரம். பட்டியலில் எண்பத்தொரு மதிப்பெண்.

மூன்றாவது புதியம்புத்தூரில். பசுவந்தனை வழியாக ஓட்டப்பிடாரம், அங்கிருந்து இன்னொரு பஸ். சித்திரை வெயில். இரண்டு பக்கமும் கரிசல் காடு பிளந்து கிடந்தது. பாதையோரத்து வெடிப்பில் ஓர் ஆள் முழங்கை வரை விடலாம். மடியில் கிட்டாரை வைத்திருந்தேன். கண்டக்டர், "சாருக்குக் கச்சேரியா?" என்றார். ஆய்வு என்றேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்கு இன்னும் அந்த மரியாதை இருக்கிறது.

விற்பவர் நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்; இப்போது பன்னிரண்டு தையல் மிஷின் போட்டு நைட்டி தைத்து அனுப்புகிறார். அவருடைய கூடத்தின் மூலையில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் மேல் நூல் கண்டுகள் கோபுரமாக அடுக்கியிருந்தன.

"இதான் சார். ஆறு வருசமாக் கண்டு சொமக்கு. ஒரு வார்த்த எதுத்துப் பேசல."

கண்டுகளை இறக்கித் தூசியைத் தட்டினார். பதினைந்து வாட். ஒரே ஸ்பீக்கர். வலை போலத் தெரியும் முன்துணியில் ஒரு மூலை கிழிந்து, நைட்டித் துணியால் ஒட்டுப் போட்டிருந்தது. பன்னிரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன.

"மிஷினக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்ல முடியுமா?"

"நிப்பாட்டுனா பீஸ் கொறையும் சார். அவியளுக்குப் பீசுக்குத்தான் கூலி. என்ன வைவாவ."

அருகில் இருந்த மிஷினிலிருந்து ஒரு பெண் தலையைத் தூக்காமலே சொன்னார். "அவிய பாட்டுக்கு வாசிக்கட்டும் அண்ணாச்சி. நாங்க பாட்டுக்குத் தைக்கோம். எது பெருசாக் கேக்குன்னு பாத்துருவோம்."

அந்தப் போட்டிக்கு ஒப்புக்கொண்டு, குமிழைப் பாதி வரை திருப்பி, முதல் மெட்டின் முதல் வரியை வாசித்தேன். காதை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துத்தான் கேட்க முடிந்தது. ஆனால் சத்தத்துக்கு நெஞ்சு இருந்தது. சிறிய பெட்டி, பாதித் திருகிலேயே தன் முழு மூச்சையும் போட்டுப் பாடியது. நூறு வாட் பெட்டியை இந்த அளவுக்குத் திருகுவதற்குள் என் வீட்டுக் கூரையை மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாம் வரியில் மிஷின்களில் ஒன்றிரண்டு மெதுவாவது போலத் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தேன். எல்லாரும் குனிந்தே இருந்தார்கள்.

"அஞ்சாயிரத்து ஐந்நூறு சார். ஒரு வாரம் வச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா கொண்டாங்க, துட்டத் திருப்பித் தாரேன்."

எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பட்டியலை நிரப்பினேன். ஐம்பத்தெட்டு. விலையில் வாங்கியதையெல்லாம் வாட்டில் இழந்திருந்தது. பணியில் இருந்தபோது எண்பத்தொன்றை விட்டு ஐம்பத்தெட்டை எடுத்தவர்களிடம் நான் விளக்கம் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கு ஊதிய உயர்வையே நிறுத்தியிருக்கிறேன். அந்தத் தாளின் அடியில், 'காதின் பரிந்துரைப்படி மூன்றாவது ஏற்கப்படுகிறது' என்று எழுதினேன். பிறகு போய்ப் பணத்தைக் கொடுத்தேன்.

வீட்டில் மேஜை மேல் வைத்துச் சொருகினேன். 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் எழுந்தது. நிற்கவே இல்லை. கிட்டார் கம்பியைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. ஒரு மெட்டைப் பதிவு செய்து கேட்டேன். உறுமல் முன்னால் நின்றது, கிட்டார் அதற்குத் துணைக்கு வந்ததுபோல் பின்னால் நின்றது. வேறு பிளக்கில் போட்டேன். வேறு அறைக்குக் கொண்டுபோனேன். மின்விசிறியை, டியூப் லைட்டை, எல்லாவற்றையும் அணைத்து வியர்வையில் நனைந்தபடி மூன்று நாள் வாசித்தேன். உறுமல் தன் பதவியை விட்டு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் எனக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். மிஷினை ஏன் நிறுத்தவில்லை? நிறுத்தியிருந்தால் உறுமல் கேட்டிருக்கும். பீஸ், கூலி, வசவு எல்லாம் நாடகம். எத்தனை ஒப்பந்தக்காரர்களைப் பார்த்தவன் நான். ஈரமணலை எடை போட்டவனையும், மேல் வரிசையில் மட்டும் நல்ல செங்கல்லை அடுக்கியவனையும் பிடித்தவன். உட்கார்ந்து கடிதம் எழுதினேன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள். "ஏங்க, பிரிட்ஜத் தொட்டா இன்னிக்கும் சுருக்குன்னு பிடிக்கு."

"நோட் பண்ணிக்கிட்டேன்."

"ஒரு மாசமா நோட் பண்ணுதீங்க."

நான் கடிதத்தில் இருந்தேன். 'தங்களால் வழங்கப்பட்ட சாதனம் பரிசோதனைக் காலத்தில் தொடர் உறுமலும், தொட்டால் கூச்சமும் தருவதாகக் கண்டறியப்பட்டது. தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கிடையே சாதனத்தை இயக்கிக் காட்டியது, குறைபாட்டை மறைக்கும் நோக்கம் கொண்டதென்று கருத இடமுள்ளது. எனவே சாதனம் நிராகரிக்கப்படுகிறது.' நல்ல கடிதம். இப்போது படித்தாலும் நடையில் குறை சொல்ல மாட்டேன்.

பெட்டியையும் கடிதத்தையும் ஒன்றாகப் புதியம்புத்தூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நின்றபடியே கடிதத்தை முழுவதும் படித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து, பணத்தை எண்ணி நீட்டினார். வாசல் வரை வந்த பிறகு கேட்டார்.

"சார், இதுல கையெழுத்துப் போட்டிருக்கீங்கள்லா?"

"போட்டிருக்கேன்."

"சரி."

எண்பத்தொரு மதிப்பெண்ணுக்குத் திரும்பினேன். பட்டியலை மீறியதற்குத் தண்டனை கிடைத்தது என்றுதான் எண்ணினேன். ஆனால் நூறு வாட் பெட்டி எங்கோ கொடைக்குப் போயிருந்தது. "வைகாசி முழுக்க வேல அண்ணாச்சி. வந்ததும் எடுத்துக்கிடுங்க" என்றார் சவுண்ட் சர்வீஸ்காரர். காத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போது மோதிர விரல் மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. இழுத்தேன். டக். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ஊசியின் தவணை முடியத் தொடங்கிவிட்டது. பதினொன்றில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

என் மனைவி இதற்குள் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, கையில் துணியைச் சுற்றித்தான் பிரிட்ஜைத் திறந்துகொண்டிருந்தாள். என் அனுமதியைக் கேட்காமலே ஒரு எலக்ட்ரீசியனை வரச்சொல்லிவிட்டாள். அவர் பிரிட்ஜைத் தொடக்கூட இல்லை. ஒரு பல்பில் இரண்டு ஒயரை மாட்டி, ஒன்றைப் பிளக்கின் கரண்ட் ஓட்டையிலும் மற்றதை மேலே உள்ள எர்த் ஓட்டையிலும் வைத்தார். பல்பு எரியவில்லை.

"எர்த்தே இல்ல சார் உங்க வீட்டுல."

"என் வீட்டுலயா? கரியும் உப்பும் போட்டு, ஆளு நின்னு பாத்து எறக்கின பைப்பு அது."

"வாங்க, காட்டுதேன்."

வீட்டுக்குப் பின்னால் போனோம். எர்த் பைப் புதைத்த குழி. சுற்றியிருந்த கரிசல் மண் காய்ந்து, சுருங்கி, பைப்பை விட்டு விலகி நின்றது. நடுவில் என் நான்கு விரல் நுழைகிற இடைவெளி. உள்ளே ஓர் ஓணான் குடியிருந்தது.

"மண்ணுக்கும் பைப்புக்கும் சம்பந்தமே இல்ல பாருங்க. கரிசல் காட்டுல கோடைக்கு இப்படித்தான் விடும். தெனம் ரெண்டு வாளி தண்ணி ஊத்தணும் சார். யாரும் சொல்லலயா?"

யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் மற்ற எல்லாருக்கும் சொன்னவன் நான். மாவட்டத்தில் எங்கள் துறையின் ஒவ்வொரு கட்டடத்துக்கும், கோடைக்காலத்தில் நில இணைப்புக் குழிகளுக்கு நாள்தோறும் நீர் ஊற்றிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று வருஷம் தவறாமல் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன். ஊற்றாதவர்களுக்குக் குறிப்பாணை கொடுத்திருக்கிறேன். சொந்த வீட்டுக்கு நான் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

எலக்ட்ரீசியன் ஓணானை விரட்டிவிட்டு, மண்ணைச் சரித்துவிட்டு, இரண்டு வாளி ஊற்றினார். மண் உறிஞ்சும் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு. மறுபடி பல்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. மனைவி பிரிட்ஜை வெறுங்கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரப்பர் செருப்பைக் கழற்றி வாசலில் போட்டாள்.

அந்த உறுமலும் எறும்பும் எங்கிருந்து வந்தன என்பது எனக்கு அங்கேயே, அந்தக் குழி ஓரத்திலேயே தெரிந்துவிட்டது. பெட்டி யோக்கியமானது. விற்றவரும் யோக்கியமானவர். என் வீட்டுக்குத்தான் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் புதியம்புத்தூர். பெட்டி மூலையில் இருந்தது, தலையில் நூல் கண்டுகளோடு. அதற்கு மேலே சுவரில், எல்லா மிஷினுக்கும் தெரிகிற உயரத்தில், என் கடிதம் ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது.

"வாங்க சார். ஒக்காருங்க" என்றார். "புதுசா யாராவது வேலைக்குச் சேந்தா மொதல்ல இதத்தான் வாசிக்கச் சொல்லுதேன். தமிழு நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்லுதாவ."

நடந்ததைச் சொன்னேன். எர்த் குழி, ஓணான் உட்பட. கடைசியில், பெட்டி வேண்டும் என்றேன்.

"தரலாம் சார். ஆனா செவத்துல இப்படி இருக்கையில எப்படித் தர? குறைபாடுள்ள சாமானா வித்தாம்னு ஆவும்லா. நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க."

"என்னன்னு?"

"அது உங்களுக்குத் தெரியாதா? உங்க ஆபீசுல எப்படி எழுதுவீங்களோ அப்படி."

முப்பத்து நான்கு வருஷத்தில் நான் போட்ட உத்தரவு ஒன்றை நானே ரத்து செய்ததில்லை. மேலிடம் ரத்து செய்திருக்கிறது, அதுவும் ஒன்றோ இரண்டோ. நைட்டி அட்டைப்பெட்டி மேல் தாளை வைத்து எழுதினேன். 'பார்வையில் கண்ட கடிதம் முற்றிலுமாக ரத்து செய்யப்படுகிறது. குறைபாடு, எழுதியவரின் வீட்டு நில இணைப்பில் இருந்தது. அதற்கு முழுப் பொறுப்பும் எழுதியவரையே சாரும். வழங்குபவரின் நேர்மை பற்றிய வரிகள் திரும்பப் பெறப்படுகின்றன.' கையெழுத்து, தேதி.

அவர் வாங்கிப் படித்துவிட்டுக் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏலே, எல்லா மிஷினையும் நிப்பாட்டுங்க. சார் வாசிக்காவ."

பன்னிரண்டும் நின்றன. அப்படியொரு அமைதியை நான் அங்கே எதிர்பார்க்கவில்லை. எழுந்து நின்று ரத்து உத்தரவைச் சத்தமாக வாசித்தேன். போட்டி வைத்த அந்தப் பெண் இந்த முறை தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அந்த வாசிப்பு முடிஞ்சுட்டுல்லா," என்றார். "மிஷினு நின்னது நின்னதுதான். கிட்டாரையும் வாசிச்சிருங்க."

கண்டுகளை இறக்கினார்கள். சொருகினேன். உறுமல் இல்லை, பெட்டி மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. முதல் மெட்டை முதலிலிருந்து வாசித்தேன். முப்பது வருஷத்தில் அதை முழுதாகக் கேட்ட முதல் ஆட்கள் அந்தப் பன்னிரண்டு பேரும் அவர்களுடைய முதலாளியும்தான். மூன்றாம் பகுதியில் விரல் மாட்டிக்கொண்டது. சத்தம் அறுந்தது. வலது கையால் பிடித்து இழுத்தேன். டக்கென்று கூடம் முழுக்கக் கேட்டது.

"கை பிடிச்சிட்டோ?" என்றார் முதலாளி.

"பிடிச்சிது. விட்டுட்டு."

விட்ட இடத்தில் தொடங்கி முடித்தேன். யாரும் கை தட்டவில்லை. அந்தப் பெண் மட்டும், "நூலு அத்தா நாங்களும் கோத்துக்கிட்டுத்தான் தைக்கோம்" என்று சொல்லிக்கொண்டே மிஷினை மிதித்தார். மற்றவையும் ஓடத் தொடங்கின. சபையில் முப்பது வருஷம் வாசித்து எனக்கு இவ்வளவு நல்ல விமரிசனம் கிடைத்ததில்லை.

"ஆறாயிரம் சார்" என்றார் முதலாளி.

"முன்ன அஞ்சாயிரத்து ஐந்நூறுதான?"

"ஐந்நூறு மிஷின நிப்பாட்டுனதுக்கு. பீஸ்காரவியளுக்குக் குடுக்கணும்லா."

பேரம் பேசவில்லை. வாழ்க்கையில் ஏற்றிச் சொன்ன விலைக்கு நான் ஒப்புதல் கொடுத்த ஒரே நாள் அதுதான். முதல் கடிதத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடலாமே என்றேன். அவர் இரண்டாவதைப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டும் இருக்கட்டும் சார். ஒண்ணு மட்டும் இருந்தா வாசிக்கறவிய பாதியிலயே போயிருவாவ."

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆடி பிறந்தும் மழை இல்லை. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருவதே வாரத்துக்கு ஒரு தடவை. அதைக் கொண்டுபோய்க் குழியில் ஊற்றுகிறேன் என்றால் எந்த வீட்டில் விடுவார்கள். துணி அலசிய தண்ணீரை எடுத்துக்கொள்ள மனைவி அனுமதி கொடுத்தாள். காலையில் வாளியோடு பின்பக்கம் போகும்போது, பக்கத்து வீட்டுத் தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி மதிலுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்.

"என்ன செடி அண்ணாச்சி? ஒண்ணும் மொளைக்கக் காணுமே."

"மொளைக்காது அண்ணாச்சி. அதுக்கு ஊத்தல."

அதற்கு மேல் விளக்கம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஓய்வு பெற்றவனிடம் விளக்கம் கேட்க விதியில் இடமில்லை.

ஏழு மெட்டுகள் முடிந்திருக்கின்றன. நாலாவதில் விரல் நிமிரும் டக் சத்தமும் பதிவாகியிருக்கிறது. மகள் அதை வெட்டித் தருகிறேன் என்றாள். வேண்டாம், அது அசல் ஆவணம் என்று சொல்லிவிட்டேன். இப்போது விரல் காலையில் மட்டுமல்ல, மத்தியானமும் மாட்டுகிறது. டாக்டர் இரண்டாவது ஊசியைப் பற்றிப் பேசுகிறார். மீதி நான்கு மெட்டையும் மோதிர விரலே இல்லாமல், மூன்று விரலில் வாசிக்கும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். சில இடங்களில் மெட்டு கொஞ்சம் மொட்டையாகத்தான் நிற்கிறது. நிற்கட்டும். சபைச் செயலாளர் தெருவில் பார்த்தபோது, "வீட்டுல ஏதோ ரெக்கார்டிங் பண்ணுதீங்களாமே அண்ணாச்சி, இந்த வயசுல" என்றார். இந்த வயதில்தான் என்றேன். தோளைத் தட்ட வந்த கையை வழியிலேயே பிடித்துக் குலுக்கி அனுப்பினேன்.

இன்று எட்டாவது. பெட்டியைப் போட்டேன். லேசாக உறுமியது. ஊற்ற மறந்துவிட்டேனே என்று வாளியைத் தேடினேன். வாளி இருக்கிற இடத்தில் இல்லை. பின்பக்கமிருந்து தண்ணீர் சரியும் சத்தம் வந்தது. அறையில் உறுமல் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கியது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"உங்களுக்காக ஒண்ணும் ஊத்தல. பிரிட்ஜுக்கு ஊத்துனேன்."

"நோட் பண்ணிக்கிட்டேன்" என்றேன்.

"நோட் பண்ணுனது போதும். வாசிங்க."